எரிந்த காடும் ஏறிய எஞ்சினும்

இலங்கையின் கண்டி மலைகளில் இருக்கும் மடுல்கெல்ல என்ற ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு காடு இருக்கிறது. சிங்களத்தில் 'கெலே' என்றால் காடு. பக்கத்தில் இருக்கும் கெலேபொக்கவின் பெயரிலும் அதே சொல்தான். வத்துகாமத்திலிருந்து பன்விலை வழியாக ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. அதற்கு மேலே, நக்கிள்ஸ் முகடுகளை ஒட்டிக் கறுத்துத் தெரியும் விளிம்புதான் மிஞ்சிய காடு. பெயரில் இருக்கும் காடு எங்கே போனது? எதில் ஏறிப் போனது?

உலகத்தின் பல மலைகளில் இந்தக் கேள்விக்கு நேரான விடை உண்டு. காடு ரயிலேறிப் போனது. அமெரிக்காவின் மிச்சிகன், மேற்கு வர்ஜீனியா, தாய்வானின் அலிஷான் என்று மரக் கம்பனிகள் புகுந்த இடங்களிலெல்லாம் பற்சில்லு பூட்டிய நீராவி எஞ்சின்கள் செங்குத்தான தண்டவாளங்களில் ஏறி, மரங்களைச் சுமந்து இறங்கின. காடு தீர்ந்த பிறகு துருப்பிடித்துக் கிடந்த அந்த எஞ்சின்களில் சிலவற்றை இன்று பழுதுபார்த்து, வண்ணம் பூசி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறார்கள்.

மடுல்கெல்லைக்கு அப்படி ஓர் எஞ்சின் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேடிப் போனால், கண்டி மலைகளின் கதையோடு நீலகிரியின் கதையும் திருச்சி பொன்மலைப் பணிமனையின் கதையும் சேர்ந்துகொள்கின்றன. பழைய எஞ்சினை மீட்பது என்றால் எதையெல்லாம் மீட்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

தீயில் போன மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிச் சீமைக்குக் கோப்பி வந்தது. கோப்பி நட நிலம் வேண்டும், நிலத்தில் காடு நின்றது. காட்டைத் திறந்த முறை அன்றைய தோட்டக் குறிப்புகளில் விவரமாகவே பதிவாகியிருக்கிறது. சரிவின் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதிவரை வெட்டிக்கொண்டு போவார்கள். உச்சியில் நிற்கும் பெருமரத்தை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது கீழுள்ளதன்மேல் விழ, அது அடுத்ததன்மேல் விழ, ஒரு சரிவு முழுவதும் இடியோசையோடு படுத்துவிடும். சில வாரம் வெயிலில் காயவிட்டு, மழைக்கு முன் நெருப்பு வைத்தால் மிஞ்சுவது சாம்பலும் கருகிய அடிக்கட்டைகளும். சாம்பலே முதல் உரம்.

கோடாரி பிடித்தவர்களில் உள்ளூர்ச் சிங்களவரும் இருந்தார்கள், கடல் கடந்து நடந்தே வந்த தமிழரும் இருந்தார்கள். 1870களின் இறுதியில் இலங்கையில் கோப்பி நின்ற பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி அதற்கு முன் காடு.

அந்த மரம் எங்கும் போகவில்லை, நின்ற இடத்திலேயே எரிந்தது. விலைபோகும் மரங்களும் அதில் இருந்தன. ஆனால் கண்டியின் உயரங்களிலிருந்து ஒரு மரத்துண்டைத் துறைமுகம் வரை இறக்க ஆகும் செலவு மரத்தின் விலையைத் தின்றுவிடும். கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு இறக்கவே மாட்டுவண்டிகள் திணறிய காலம் அது. துரைமாருக்கு வேண்டியது நிலம். மரம் அவர்களுக்கு நிலத்தின் மேல் நின்ற தடை.

காலமும் ஒத்துவரவில்லை. மரம் இழுக்கும் பற்சில்லு எஞ்சினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1881இல். அதற்குள் மடுல்கெல்லப் பக்கத்துக் காடு சாம்பலாகி, அதன்மேல் நட்ட கோப்பியும் நோயில் விழுந்துகொண்டிருந்தது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் பதினைந்து, இருபது ஆண்டுகளில் கோப்பியை முடித்துவிட, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. எஞ்சின் வந்திருந்தாலும் அதற்கு ஏற்ற மரம் இருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேயிலை ஏற்றுமதியாகத் தொடங்கியதும் அதை அடைக்கப் பலகைப் பெட்டிகள் வேண்டியிருந்தன. காட்டை எரித்த மலைகளுக்கு அந்தப் பெட்டிகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தன.

பல் எதற்கு?

ரயில் என்பது வழுவழுப்பான இரும்பின்மேல் வழுவழுப்பான இரும்பு உருள்வது. சமதரையில் அதுவே அதன் பலம், உராய்வு குறைவாக இருப்பதால் சிறு விசையே பெரும் பாரத்தை நகர்த்திவிடும். மலையில் அதுவே பலவீனமாகிறது. எஞ்சினின் இயங்கு சில்லுகள் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் விசை, அந்தச் சில்லுகள்மேல் இருக்கும் எடையில் காற்பங்கு அளவுதான். மழை நனைத்தால் அதுவும் குறையும்.

சரிவின் கணக்கு எளிது. 45 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில் ஒவ்வொரு தொன் பாரமும் ஏறக்குறைய 22 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். கண்டிக்குப் போகும் ரயில் பாதையில் கடுகண்ணாவை ஏற்றத்தின் சரிவு இது. 12½ அடிக்கு ஓர் அடி என்றால் அந்த இழுப்பு 80 கிலோ ஆகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரையான நீலகிரிப் பாதை அப்படிப்பட்டது. அங்கே 50 தொன் எஞ்சின் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளவே 4 தொன் விசை வேண்டும். பெட்டிகளின் பாரம் அதற்கு மேல்.

இந்தச் சிக்கலுக்குப் பல்லைக் கொண்டு இரண்டு விடைகள் கண்டார்கள். ஒன்று, பல்லைப் பாதையில் வைப்பது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டையைப் பதித்து, எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சில்லு அதில் கோத்துக் கோத்து ஏறும்படி செய்வது. மற்றொன்று, பல்லை எஞ்சினுக்குள்ளேயே வைப்பது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் தண்டு நேராகச் சில்லைச் சுழற்றும். இந்த வகையில் பிஸ்டன் முதலில் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும், தண்டு பற்சில்லுகள் வழியே எல்லாச் சில்லுகளையும் சுழற்றும். தண்டு இரண்டு மூன்று முறை சுற்றினால் சில்லு ஒரு முறை சுற்றும். வேகம் போய்விடும், இழுவை கூடும். மாட்டுவண்டிக்காரர் ஏற்றத்தில் மாட்டை விரட்டாமல் மெல்ல நடத்துவதைப் போல.

இந்த இரண்டாம் வகையைப் பேர்பெறச் செய்தவர் எஃப்ராயிம் ஷே. மிச்சிகனில் மரம் வெட்டி விற்றவர். பனிக்காலத்தில் மட்டும் சறுக்கிக் கொண்டுபோக முடிந்த மரத்தை ஆண்டு முழுவதும் இறக்க வழி தேடியவர். ஒஹையோவின் லைமா ஆலை செய்த ஷே எஞ்சினுக்குப் பார்வைக்கு ஒரு கோணல் உண்டு. சிலிண்டர்கள் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அந்தப் பாரத்தை ஈடுகட்டக் கொதிகலன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பக்கவாட்டில் ஓடும் தண்டில் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் இருப்பதால், கூர் வளைவிலும் அரைகுறையாகப் போட்ட தண்டவாளத்திலும் எல்லாச் சில்லுகளும் பிடியை விடாமல் உழைக்கும். பென்சில்வேனியாவில் பிறந்த கிளைமாக்ஸ், ஹைஸ்லர் என்பவை இதன் போட்டியாளர்கள். தண்டை நடுவில் ஓடவிட்டது அவற்றின் வேறுபாடு. 1945 வரை ஷே மட்டும் ஏறத்தாழ 2,770 செய்யப்பட்டன. கடைசியாகச் செய்தது மேற்கு வர்ஜீனியாவின் காஸ் என்னும் பழைய மர ஊரில் பிற்காலத்தில் சுற்றுலா வண்டி இழுக்கப் போனது.

ஆசியாவில் ஷேயின் வீடு அலிஷான். ஜப்பானியர் ஆட்சியில், ஆயிரமாண்டு வயதான சைப்ரஸ் மரங்களை இறக்குவதற்காக 1912இல் திறந்த பாதை அது. சியாயி நகரச் சமவெளியிலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 16க்கு 1. வழியில் ஒரு மலையைச் சுருளாகச் சுற்றியும், முன்னும் பின்னுமாகத் திசைமாற்றியும் ஏறும் அந்தப் பாதையில் 18 தொன், 28 தொன் ஷே எஞ்சின்கள் உழைத்தன.

பல்லில்லாமல் மலையை வென்றவர்கள்

இலங்கை ரயில் இந்த இரண்டு பல்லையும் நாடவில்லை. கோப்பித் துரைமாரின் நெருக்குதலால் பிறந்து 1867இல் கண்டியைத் தொட்ட பாதை, சரிவை 45க்கு 1 என்ற அளவுக்குள் அடக்கிக்கொண்டது. விலையாக வளைவைக் கொடுத்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை பாறை விளிம்பைக் கட்டிப்பிடித்து நெளிந்து ஏறும் அந்தத் தூரத்தில் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். பிறகு நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல் என்று பாதை நீண்டது. உச்சியான பட்டிப்பொல 1,898 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கும் பல்லே இல்லாமல், சில்லின் பிடியை நம்பியே ஏறுகிறது.

அந்த நம்பிக்கையின் அழகான அடையாளம் தெமோதரை. இறங்கும் ரயில் ஸ்டேசனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். பாதை போட வழி தெரியாமல் திகைத்து நின்ற எஞ்சினியருக்கு, தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டிய ஒரு கங்காணிதான் யோசனை கொடுத்தார் என்று மலையகத்தில் கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, இந்தப் பாதையில் தங்களுக்கும் பங்குண்டு என்பதை மக்கள் அந்தக் கதையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். 1927இல் மான்செஸ்டரின் பேயர்-பீகொக் கம்பனியிடமிருந்து 241ஆம் எண் கெரட் எஞ்சின் வந்தது. ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னும் இரண்டு சில்லுத் தொகுதிகள். பாரத்தைப் பல சில்லுகளுக்குப் பங்கிட்டு, வளைவிலும் மடங்கிக் கொடுக்கும். ஷே பல்லைக் கொண்டு செய்ததை இது எடையைப் பரப்பிச் செய்தது.

மரத்துக்காகவே போட்ட பாதை தமிழருக்குப் பக்கத்தில் எங்கே என்று கேட்டால் பரம்பிக்குளத்தைச் சொல்ல வேண்டும். கொச்சி சமஸ்தானம் தன் காட்டுத் தேக்கையும் ஈட்டியையும் இறக்கச் சாலக்குடியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, 1907 முதல் வண்டி ஓட்டியது. எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கொப்பெல் செய்தவை. அவை மலைச் சரிவில் ஏறவில்லை. சரிவு வந்த இடங்களில் வடக்கயிறு போட்டு, மரமேற்றிய வண்டி இறங்கும் பாரத்தாலேயே வெறும் வண்டியை மேலே இழுத்துக்கொண்டார்கள். கிணற்றில் ஏற்றம் இறைத்த ஊருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. சுமை இறங்குவதாக மட்டுமே இருந்தால், சுமையையே எஞ்சினாக்கிவிடலாம். தமிழ்நாட்டுப் பக்கத்து டாப்சிலிப் அதைவிட எளிய வழியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. மலை உச்சியிலிருந்து மரத்தை உருட்டிச் சறுக்கவிட்ட இடம் அது.

ஆக, எந்த மலைக்கு எந்த எஞ்சின் என்பதைச் சரிவு மட்டும் முடிவு செய்யவில்லை. மேலிருந்து எதை இறக்க வேண்டும், கீழிருந்து எதை ஏற்ற வேண்டும் என்ற கணக்கே முதலில் வந்தது.

நீலகிரியின் இரட்டைப் பல்

நீலகிரிக்குக் கீழிருந்து ஏற வேண்டியவர்கள் மனிதர்கள். வெயிலுக்கு அஞ்சி உதகைக்கு ஓடிய ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் மூட்டை முடிச்சுகளும். 1854இலேயே பேச்சு எழுந்தது. 1880களில் சுவிட்சர்லாந்தின் மலைரயில் மேதை நிக்லாஸ் ரிகன்பாக்கின் யோசனை கேட்கப்பட்டது. 1891இல் மண் வெட்டித் தொடங்கிய கம்பனி மூன்றாண்டில் கடனில் மூழ்கியது. 1896இல் புதுக் கம்பனி எடுத்து, 1899இல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை வண்டி விட்டது. 1908இல் பாதை உதகையை எட்டியது.

மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு. கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல்பட்டை ஓடுகிறது. அது கார்ல் ரோமன் அப்ட் என்ற சுவிஸ்காரர் 1882இல் காப்புரிமை பெற்ற முறை. ஒரே பட்டைக்குப் பதிலாக அருகருகே இரண்டு பட்டைகள், ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். இதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் முழுப்பிடியில் இருக்கும். தாவித் தாவி ஏறாமல் வழுக்கலின்றி ஏறுவது இந்த மாற்றுப் பல் வரிசையால்தான்.

இந்தப் பாதைக்கென்று விண்டர்தூர் நகரின் சுவிஸ் எஞ்சின் ஆலை செய்த எக்ஸ் வகுப்பு எஞ்சின், நான் மேலே பிரித்துச் சொன்ன இரண்டு வகையையும் ஒன்றாக்கியது. முதல் தொகுதி முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1925 வரையிலும், கடைசித் தொகுதி 1952இலும் வந்தன. பக்கவாட்டில் பார்த்தால் கீழே ஒரு சிலிண்டர், அதன் தலையில் இன்னொன்று, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு. சமமான பாதையில் கீழ்ச் சோடி மட்டும் வேலை செய்யும், சாதாரண எஞ்சினைப் போல. கல்லாறு தாண்டிப் பல்பட்டைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் ஒரு வால்வைத் திருப்புவார். கீழ்ச் சிலிண்டரில் பாதி உழைத்து வெளியேறும் நீராவி, புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குள் போகும். மேல் சோடி அந்த மிச்ச நீராவியைக் கொண்டே, பற்சில்லுகள் வழியே அடியிலுள்ள ஏறுசில்லுகளைச் சுழற்றும். நடுவில் ஒரு பல்கோப்பு இருப்பதால் மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில், அவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஹில்குரோவில் தண்ணீர் பிடித்துவிட்டுப் புறப்படும் எஞ்சினைப் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பவர்களைக் கிறங்க வைப்பது இந்த எதிரெதிர் ஆட்டம்தான்.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது தோள்கொடுத்துத் தாங்கும். எந்த இணைப்பு அறுந்தாலும் பெட்டி எஞ்சின்மேல் வந்து சாயுமே தவிர ஓடிவிடாது. இறக்கத்தில் சிலிண்டர்களே காற்றை அமுக்கும் பிரேக்காகிவிடுகின்றன. ரிகன்பாக்கின் புகழ்பெற்ற யுக்தி அது. அதற்கு மேல் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். எஞ்சினின் ஊதலைக் கேட்டு இறுக்குவார், தளர்த்துவார். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சில்லுக்கு அடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கையில்தான்.

பல்பட்டையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். வேகமாக நடக்கும் மனிதரைவிட இரண்டு மடங்கு.

பொன்மலைத் திருப்பணி

நூறு ஆண்டு ஓடும் எஞ்சினில் எது பழையது? கொதிகலனுக்குள் நெருப்பைக் கடத்தும் குழாய்கள் அரித்துப்போகும், மாற்ற வேண்டும். நெருப்புப் பெட்டியின் தகட்டைத் தாங்கும் ஆணிகள் தேயும், ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டு மாற்ற வேண்டும். பிறகு கொதிகலனைத் தண்ணீரால் நிரப்பி, ஓடும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுசில்லின் பற்கள் தேய்ந்து மெலிந்தால் பட்டையோடு சரியாகக் கோக்காது. கொஞ்சம் பிசகினாலும் ஒரு பல்லின் பாரம் அடுத்த பல்லில் விழுந்து முறியும். இப்படி மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் மூல எஞ்சினில் மிஞ்சுவது எண் பலகை மட்டுமாக இருக்கலாம்.

அப்படியானால் அது அதே எஞ்சின்தானா? கோயில் தேரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அச்சு முறிந்தால் புது அச்சு, சில்லு உளுத்தால் புதுச் சில்லு. தேர் அதே தேர்தான், ஏனென்றால் அதை அளந்து செய்யத் தெரிந்த கை அறாமல் வந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தை மீட்பதிலும் காக்கப்படுவது இரும்பைவிட அதிகமாக அந்தக் கைதான்.

நீலகிரிக்கு அந்தக் கை பொன்மலையில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் திருச்சிக்குப் பக்கத்துப் பொன்மலைக்கு மாறியது. எக்ஸ் எஞ்சின்கள் பெரும் பழுதுக்கு மலையிறங்கி வருவது அங்கேதான். விண்டர்தூர் ஆலை எஞ்சின் செய்வதை விட்ட பிறகு உதிரிப்பாகம் கேட்டு எழுத முகவரி இல்லை. பழைய பாகத்தை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து தாங்களே செய்துகொள்ள வேண்டிய நிலை. அதுவே பள்ளிக்கூடமானது. நிலக்கரிப் பொறியும் கரிப் புகையும் காட்டுக்குக் கேடு என்பதாலும் நல்ல கரி கிடைப்பது அரிதானதாலும், பழைய எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். அதன் தொடர்ச்சியாக, 2011 தொடங்கிச் சில ஆண்டுகளில், முற்றிலும் புதிதாக நான்கு எக்ஸ் எஞ்சின்களையே கட்டி முடித்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் புதிதாக வெளிவந்தது. நீராவி எஞ்சின்களை உலகம் உருக்கி முடித்த காலத்தில், திருச்சியில் ஒரு பணிமனை அவற்றைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. 2005இல் நீலகிரி ரயிலை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதற்குப் பாதையும் பாலமும் காரணம் என்றால், அந்தப் பெயர் வெறும் பலகையாகிவிடாமல் காப்பது இந்தப் பட்டறை.

அலிஷானிலும் இதே கதைதான். மரம் தீர்ந்து, டீசல் வந்து, ஷேக்கள் கொட்டகைக்குள் ஒதுங்கின. 1999இல் 26ஆம் எண் ஷேயை மறுபடி நீராவி விட்டு ஓட்டினார்கள். பிறகு 25, 31 என்று சில எஞ்சின்கள் உயிர்பெற்றன. 2009இன் புயலில் சிதைந்த பாதை முழுதாகத் திறக்க 15 ஆண்டு பிடித்து, 2024இல் மீண்டும் உச்சிவரை வண்டி போனது. இன்று அங்கே போகிறவர்கள், எஞ்சியிருக்கும் சில பெருமரங்களை அண்ணாந்து பார்க்க அந்தப் பாதையிலேயே வருகிறார்கள். மற்ற மரங்களை இறக்கியதும் அதே எஞ்சின்கள்தாம். மீட்ட எஞ்சினுக்குப் பக்கத்தில் மீட்க முடியாத காடு நிற்கிறது. இதைச் சொல்லாமல் எஞ்சினை மட்டும் துடைத்து நிறுத்துவது பாதி வரலாறு.

கோச்சி ஏறியவர்கள்

நீலகிரியையும் மடுல்கெல்லையையும் கோக்கும் பல் ஒன்று உண்டு. 1964 அக்டோபரில் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு அரசுகள் மனிதரைத் தலைக்கணக்கில் பங்கிட்டுக்கொண்டன. அதன் பின் மலையக ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் ஜன்னலில் தொங்கியவர்களும் இழவு வீட்டைப் போல அழுததால் வந்த பெயர். கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு அவரவர் தலையெழுத்து.

அவர்களில் பல குடும்பங்கள் சேர்ந்த இடம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னாளில் டேன்டீ என்னும் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் அவர்கள் மறுபடி காடு வெட்டி, மறுபடி தேயிலை நட்டு, மறுபடி லயம் போன்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பதால் நீலகிரியில் 'சிலோன்காரர்'. இலங்கையில் இருந்தவரை 'இந்தியாக்காரர்'. குன்னூர்ச் சரிவில் பற்சில்லு ரயிலின் ஊதலைக் கேட்டுக்கொண்டே கொழுந்து கிள்ளிய பெண்களில், சிறுவயதில் கடுகண்ணாவை ஏற்றத்தில் இரட்டை எஞ்சின் ஊதலைக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

நீலகிரி ரயிலைத் தமிழ் சினிமா அறியும். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் கேத்தி ஸ்டேசனில் நிற்கும் அந்த ரயிலை மறந்தவர் குறைவு. அதே மலைக்கு அதே காலத்தில் வந்து இறங்கிய இந்தப் பயணிகளைப் பற்றி அந்த ரயிலின் மரபுரிமைப் புத்தகங்கள் பேசுவது மிகக் குறைவு.

மூன்று அருங்காட்சியகங்கள்

கண்டியைச் சுற்றி அரை நாள் பயணத்துக்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன. கடுகண்ணாவையில் 2014 டிசம்பர் 27இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் ஒன்று. இலங்கையில் முதல் ரயில் ஓடி 150 ஆண்டு நிறைந்த நாளில் திறந்தார்கள். பழைய எஞ்சின்களும் கைகாட்டிகளும் டிக்கெட் இயந்திரங்களும் துடைத்து மினுக்கி நிற்கின்றன.

இரண்டாவது ஹந்தானை. 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலை ஆலையை, புதுப்பித்து, 2001இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாக்கினார்கள். கீழ்த்தளத்தில் பழைய எஞ்சின்களும் உருளை இயந்திரங்களும் இருக்கின்றன. மடுல்கெல்லைக்கு வராத பற்சில்லு இங்கே இருக்கிறது. கண்டி மலைகளுக்குள் நீராவியும் பல்லும் சேர்ந்து வந்தது மரம் இழுக்கவன்று, இலை அரைக்க. ஜாக்சனின் காப்புரிமையில் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் ஆலை செய்த தேயிலை உருளைகள் தோட்டம் தோட்டமாக வந்தன. அதே மார்ஷல் ஆலை, பற்சில்லு வழியே சில்லைச் சுழற்றிச் சாலையில் ஓடும் நீராவி வண்டிகளையும் செய்தது. நீர்ச்சில்லோ நீராவியோ ஒரு நீளத் தண்டைச் சுழற்ற, தண்டிலிருந்து பட்டையும் பல்லுமாக ஒவ்வோர் இயந்திரமும் உயிர்பெறும். ஷேயின் பக்கவாட்டுத் தண்டு செய்த வேலையை ஸ்டோரின் கூரையடியில் ஓடிய தண்டு செய்தது.

மூன்றாவது கம்பளைக்குப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம். அங்கே எஞ்சின் இல்லை. மீட்டு வைத்திருப்பது ஒரு லயத்தை. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று மலையகம் சொல்லும் அந்த அறைகளுக்குள் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பித்தளைப் பாத்திரமும் தப்பும் காத்திருக்கின்றன.

முதல் இரண்டும் இயந்திரத்தை மீட்டன. மூன்றாவது, இயந்திரம் சுமந்த பாரத்தை, இயந்திரத்தைச் சுமந்தவரை மீட்க முயல்கிறது. கடுகண்ணாவையின் எஞ்சினும் பீகொக் லயமும் ஒரே வரலாற்றின் இரண்டு பற்கள். அப்ட்டின் பட்டையைப் போல, ஒன்றின் பள்ளம் வரும் இடத்தில் மற்றதன் பல் நிற்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பாதி இடம் வெறுமை.

மடுல்கெல்லையிலிருந்து வத்துகாமத்துக்கு இறங்கினால் 1880இல் திறந்த மாத்தளைப் பாதையின் ஸ்டேசன் வரும். இந்த ஊரின் கோப்பிக்கும் தேயிலைக்கும் ரயில் தொடங்கியது அங்கேதான். அதுவரையான மலைச்சரிவு முழுதும் ரயில் கணக்கில் வராத தூரம். அந்தத் தூரத்தைத் தலையும் தோளும் மாட்டுவண்டியும் கடந்தன. இன்று லொறி கடக்கிறது. மேலே ஏறும் லொறிகளில் சில விறகு ஏற்றி வருகின்றன. தேயிலை காய வைக்க ஸ்டோருக்கு நெருப்பு வேண்டுமே. பெயரில் காடு வைத்திருக்கும் ஊர், எரிப்பதற்கு மரத்தை வெளியிலிருந்து வாங்குகிறது.